சட்டையின் முதுகில் என் பெயர்

அந்த விளையாட்டின் விதிகள் எனக்கு இன்றைக்கும் முழுதாக விளங்காது. பெயர் ஃபுட்போல். ஆனால் பந்தைக் கையில்தான் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். உதைப்பதற்கென்று தனியாக ஒருவனை வைத்திருக்கிறார்கள். ஆட்டத்துக்கு நாலைந்து தடவை வந்து, இரண்டு கம்பங்களுக்கு மேலால் உதைத்துவிட்டுப் போவான். கனடாவில் மார்க்கம் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அப்படி உதைப்பவன்தான் வாகீசன்.

வாகீசன் என் தம்பி இராஜரட்ணத்தின் மகன். தம்பியும் மனைவியும் 87இல் யாழ்ப்பாணத்தில் ஷெல் விழுந்து செத்தார்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. இரண்டு வருடம் கழித்து என் மனைவி மங்கையற்கரசியைக் கனடாவுக்கு ஸ்பொன்சர் செய்தபோது, படிவத்தில் பிள்ளைகள் என்ற இடத்தில் அவனை எழுதினேன். கொழும்பில் அதற்கேற்ற பிறப்புச் சான்றிதழும் செய்வித்தேன். அவனுக்கு அப்போது பத்து வயது. யார் கேட்டாலும் நான்தான் அப்பா, மாறிச் சொன்னால் மூன்று பேரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று விமான நிலையத்திலேயே சொல்லிவைத்தேன். அவன் வெளியாட்கள் முன்னால் என்னைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டான். வீட்டுக்குள் பெரியப்பா.

எங்கள் வழக்கப்படி தகப்பனின் பெயர்தான் பிள்ளைக்குக் கடைசிப் பெயர். ஆகவே அவனுடைய சட்டையின் முதுகில் சிவபாதம் என்று இருந்தது. என் பெயர். தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடமாக என்னைச் சாம் என்றுதான் கூப்பிட்டார்கள். திருத்திப் பார்த்தேன். சிரித்தார்கள். 96இல், கடைசி நொடியில் அவன் உதைத்து வென்ற அன்று, அறுநூறு பேர் எழுந்து நின்று அந்தப் பெயரைக் கத்தினார்கள்.

"வெள்ளையள் உன்ரை பேரைச் சப்பித் துப்புறாங்களடாப்பா" என்றார் பக்கத்தில் நின்ற விநாயகமூர்த்தி அண்ணை.

"சப்பட்டும் அண்ணை. சொல்லுறாங்கள்தானே."

அடுத்த பெப்ரவரியில் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று கடிதம் போட்டது. நாலு வருடப் படிப்பு இலவசம். அவன் உதைத்தால் போதும். அங்கே மைதானத்துக்கு எழுபதாயிரம் பேர் வருவார்களாம். அந்த மாதம் நான் நன்றாக நித்திரை கொண்டேன்.

ஏப்ரலில் சாப்பாட்டு மேசையில் சொன்னான்.

"பெரியப்பா, எனக்குப் பதினெட்டு முடிஞ்சுது. பேர் மாத்திற ஃபோர்ம் நிரப்பிட்டன். அங்கை வாகீசன் இராஜரட்ணம் எண்டுதான் விளையாடுவன்."

"என்ரை பேரிலை என்னடா குறை?"

"குறையில்லை. அது என்ரை அப்பான்ரை இல்லை."

"பெடியன் கேக்கிறது ஞாயந்தானேயப்பா" என்றாள் மங்கையற்கரசி.

நான் சோற்றை மிச்சம் விடாமல் சாப்பிட்டேன். செத்தவன் இந்தக் குளிரில் ஒரு நாள்கூட வேலைக்குப் போகவில்லை. அந்த எழுபதாயிரம் பேரும் என் தம்பியின் பெயரைத்தான் கூப்பிடப்போகிறார்கள். மூன்று கிழமையாக இதைத்தான் யோசித்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை பயிற்சிக்கு வெளிக்கிட்டான். வீட்டு வாசலில் என் வான் ஸ்டார்ட்டில் நின்றது. அதற்குப் பின்னால் நிலத்தில் இருந்துகொண்டு சப்பாத்துக் கட்டினான். உள்ளே நான் இருப்பது அவனுக்குத் தெரியும். அதனால்தான் விலகாமல் இருந்தான். கண்ணாடியில் முழுதாகத் தெரிந்தான். முதலில் இடது சப்பாத்தைக் கட்டினான். உதைக்கிற வலது காலைச் சில்லுப் பக்கம் நீட்டும்வரை பொறுத்திருந்தேன். வானைப் பின்னுக்கு எடுத்தேன். பிறகு, அரைகுறையாக விடக்கூடாது என்று, முன்னுக்கும் எடுத்தேன்.

யார் ஓட்டியது என்று பொலிஸ்காரி கேட்டாள். ஸ்ட்ரெச்சரில் கிடந்தவன் என்னைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான்.

"என் அப்பா. அவர் என்னைக் கவனிக்கவில்லை" என்று இங்கிலிஷில் சொன்னான்.

எட்டு வருடத்தில் அவன் என்னை அப்பா என்றது அதுதான் முதல் தடவை.

பல்கலைக்கழகம் இன்னொரு கடிதம் போட்டது. வருந்துகிறார்களாம். அவன் ஊன்றுகோலுடன் மேல்மாடியில் இருக்கிறான். ஃபோர்மைப் பற்றிப் பேசுவதில்லை.

"அண்டைக்கு அவன் பயத்திலை சொன்னவனப்பா" என்கிறாள் மங்கையற்கரசி. அவளுக்கு இதெல்லாம் விளங்காது. சொந்தத் தகப்பனுக்கு எந்தப் பிள்ளை பயப்படும்?