நாச்சிமுத்து வீட்டு பேட்டரி

...மாலை போட்டாச்சு, பொன்னாடை போத்தியாச்சு. நம்ம நலச் சங்கத்தோட புது நிர்வாகிகள் எப்படி உக்காந்திருக்காங்க பாருங்க. முகத்துல என்ன ஒரு பிரகாசம்! தெருவிளக்கா, நான் பாத்துக்கறேன். சாக்கடையா, நான் பாத்துக்கறேன். தண்ணித் தொட்டியா, அதையும் நானே பாத்துக்கறேன். ஆளாளுக்குப் பேசிட்டாங்க, நாமளும் கைதட்டிட்டோம். இதைக் கேட்டதும் எனக்குக் குட்டியா ஒரு கதை ஞாபகம் வந்துருச்சு. சொல்லிடட்டுங்களா?

தாராபுரம் பக்கம் நாச்சிமுத்துன்னு ஒருத்தர். மொட்டை மாடியில சோலார் போட்டார். பேட்டரி மட்டும் புதுசா வாங்க மனசு வரல. எலக்ட்ரிக் ஆட்டோவுல ஓடி ஓய்ஞ்ச லித்தியம் பேட்டரிய வாங்கியாந்து, பிரிச்சு, உள்ள இருந்த செல்லை எல்லாம் வரிசையா எடுத்து வெச்சார். தப்பே இல்லைங்க. ஆட்டோவ இழுக்க முடியாத செல்லு, வீட்டுல விளக்கு எரிக்கும், ஃபேன் ஓட்டும். ஆனா எது எவ்வளவு தாங்கும்னு பாக்கணுமில்ல?

பாத்தாரு. எப்படிப் பாத்தாரு? மீட்டரை வெச்சார்... ஃபுல். அடுத்ததுல வெச்சார்... ஃபுல். எல்லாமே ஃபுல்.

"வளரு, இங்க வந்து பாரு. ஒண்ணொண்ணும் கல்லு மாதிரி இருக்கு."

அவர் சம்சாரம் வளர்மதி எட்டிப் பாத்துச்சு. "ஏனுங்க, ஒரு பல்பைப் போட்டு எரிய விட்டுப் பாக்க வேண்டாமுங்களா?"

"மீட்டரே சொல்லுது. மீட்டரை விட உனக்கு அதிகமாத் தெரியுமா?"ன்னுட்டு, எல்லாத்தையும் ஒண்ணோட ஒண்ணாக் கோர்த்துப் பேட்டரியாக் கட்டிட்டார்.

கட்டில்ல படுத்திருக்கிற ஆளுக்கு நாடி பிடிச்சுப் பாத்தா என்ன தெரியும்? எல்லாரும் பயில்வான்தான். மூட்டையத் தூக்கச் சொன்னாத்தானே சங்கதி வெளிய வரும்?

வளர்மதிக்கு இதுல என்ன கவலைன்னு கேப்பீங்க. அந்தம்மா முட்டை பொரிக்கிற மெஷின் ஒண்ணு வாங்கி வெச்சிருந்துச்சு. தெருப் பொம்பளைங்க எல்லாம் அவங்கவங்க வீட்டு முட்டைய நம்பிக் குடுத்திருந்தாங்க. பொரிஞ்சதுல பாதி குடுத்தவங்களுக்கு, பாதி வளர்மதிக்கு. குஞ்சு வெளிய வர்ற நாளும் நெருங்கிருச்சு. அந்த நேரம் பாத்து வந்துச்சுங்க, மாதாந்திரப் பராமரிப்பு! காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் கரண்ட் கிடையாது. வானத்துல மழை மூட்டம் வேற.

நாச்சிமுத்து மீசையத் தடவுனாரு. "நம்ம பேட்டரி இருக்கு. நீ போய்க் காபி போடு."

காபி நுரை அடங்கல... மெஷின் நின்னுருச்சு.

ஓடிப் போய்ப் பாத்தாரு. தட்டிப் பாத்தாரு. ஒயரை ஆட்டிப் பாத்தாரு. கடைசியில, "பேட்டரியில மாட்டியிருக்கிற இந்தப் பாதுகாப்பு போர்டுதான் தடுக்குது. இதைக் கழட்டிட்டு நேராக் குடுத்துடறேன்"னாரு.

"தீப்பிடிச்சா முட்டையோட நம்மளும் வெந்துருவோம். கைய எடுங்க."

எடுத்துட்டாரு. எப்பவும் அதிர்ந்து பேசாத சம்சாரம் அந்தக் குரல்ல பேசினா யாருமே எடுத்துருவாங்க. வளர்மதி மெஷினைத் திறந்து முட்டையத் தொட்டுப் பாத்துச்சு. முட்டை ஆறிக்கிட்டிருக்கு. உள்ள உசுரு இருக்கு. குடுத்தவங்க மூஞ்சியில எப்படி முழிக்கிறது? மறைச்சிரலாம்னுகூட ஒரு நிமிஷம் தோணுச்சாம். அப்புறம் மனசைத் திடப்படுத்திக்கிட்டு, கம்பளியப் போட்டுக் கூடையில முட்டைய அடுக்கி, நேராப் போச்சு பக்கத்து வீட்டுக்கு.

"ராமாத்தாக்கா, பேட்டரி கைவிட்டிருச்சுங்க. முட்டை ஆறுது. உங்க வீட்டுல அடைக்கோழி இருக்குதுங்களா?"

அடைக்கோழி இல்லாம? முட்டை மெஷினுக்குப் போயிருச்சேன்னு கோழிங்க எல்லாம் வெறும் தரையில அடை உக்காந்திருக்கு. அடை கலையட்டும்னு கூடை போட்டுக் கவுத்து வெச்சிருக்காங்க.

ராமாத்தா திட்டும்னு நினைச்சா, கோழி மேல கவுத்திருந்த கூடையத் தூக்குச்சு. "கொண்டா சாமி. ஆனா இது சின்னக் கோழி. எட்டுக்கு மேல வெச்சா எந்திரிச்சுப் போயிரும். எட்டு மட்டும் குடு. தெருக் கோடி வீட்டுல பெரிய கோழி இருக்கு, அது நெறையத் தாங்கும்."

இப்படியே வீடு வீடா... இது இவ்வளவு தாங்கும், அது அவ்வளவு தாங்கும். முன்னால வளர்மதி. பின்னால, மீட்டர் பிடிச்ச கையில முட்டைக் கூடையோட நம்ம நாச்சிமுத்து. மூணு நாள்ல தெரு பூரா கீச்சு கீச்சுன்னு சத்தம். எல்லாமே பொரியலைங்க. முக்காவாசி பொரிஞ்சுது. வளர்மதி சந்தோஷத்துல அழுதுருச்சு.

அப்புறந்தான் நாச்சிமுத்து ஒவ்வொரு செல்லுக்கும் பல்பைப் போட்டுப் பாத்தாரு. எல்லாம் நல்லா எரிஞ்சுது. ஒண்ணே ஒண்ணு மட்டும் கொஞ்ச நேரத்துல சோர்ந்து போச்சு. ஒண்ணோட ஒண்ணாக் கோர்த்த செல்லுங்க இல்லையா? அந்த ஒண்ணு காலியானதும் போர்டு மொத்தத்தையும் நிறுத்திருச்சு. மத்த செல்லுல எல்லாம் கரண்ட் இருந்துச்சுங்க! இருந்து என்ன பண்ண?

அந்தச் செல்லு மேல நான் குத்தம் சொல்ல மாட்டேன். அது பொய் சொல்லல. அதை யாருமே ஒழுங்காக் கேக்கல... அவ்வளவுதான். இன்னைக்கு அதே செல்லு கோழிக் கூண்டுல ஒரு சின்ன விளக்கை எரிச்சுக்கிட்டு நிம்மதியா இருக்கு.

இப்ப மேடையப் பாருங்க. மாலையும் பொன்னாடையுமா உக்காந்திருக்கும்போது நாம எல்லாருமே ஃபுல்தான். நானும்தான், மைக்கு கையில இருக்கே! ஆனா தெருவுல சாக்கடை அடைச்சுக்கிட்டு, வீட்டுல குழந்தைக்குக் காய்ச்சல் அடிச்சு, ஆபீஸ்ல லீவு கிடைக்காத அன்னைக்குத் தெரியும், யாரு எவ்வளவுன்னு. அன்னைக்கு ஒருத்தர் சத்தமில்லாம நின்னுட்டா, மத்தவங்க தெம்பு இருந்தும் சங்கம் நின்னு போகும். கொஞ்சமாத் தாங்கறது கேவலம் கிடையாதுங்க. அந்தச் சின்னக் கோழிக்காக ராமாத்தா வெக்கப்பட்டுச்சா? "எட்டுதான்"னு சொல்லுச்சு. சொன்ன எட்டும் பொழைச்சுது.

அதனால நிர்வாகிகளே, "எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்" வேண்டாம். முடியறதை மட்டும் சொல்லுங்க. முடியாத அன்னைக்கு முன்னாடியே வந்து சொல்லுங்க, தூக்கிக்க நாங்க இருக்கோம். பொருளாளர் ஐயா, ஏன் குனியறீங்க? நீங்கதான் முதல்ல. எந்திரிச்சு, உங்களால எவ்வளவு முடியும்னு சொல்லுங்க... கொஞ்சமாவே சொல்லுங்க. அதுக்குத்தான் நாங்க நெசமாக் கைதட்டப் போறோம்.