ஜெயிச்சா யார் வீட்டுக்கு?

தங்கச்சி: இந்தப் பகடையில மேல பார்த்தா நம்பரே இல்ல. கூர்தான் நிக்குது. இதுல எத்தனை விழுந்திருக்குன்னு எப்படிச் சொல்றது?

அண்ணன்: குனிஞ்சு பாரு. அடியில, மேஜையை ஒட்டி ஒரு நம்பர் நிமிர்ந்து நிக்கும்...

தங்கச்சி: ஒண்ணு.

அண்ணன்: அந்தப் பக்கம் வந்து பாரு. அங்கயும் ஒண்ணுதான். மூணு பக்கமும் ஒரே நம்பர்தான் நிமிர்ந்து நிக்கும். நாலு முகப் பகடைன்னா அப்படித்தான்.

தங்கச்சி: சரி, எனக்கு ஒண்ணு. உனக்கு?

அண்ணன்: நாலு.

தங்கச்சி: எங்க நாலு? அடியில ஒரு மூலையில ரெண்டு இருக்கு, இன்னொரு மூலையில மூணு இருக்கு.

அண்ணன்: அது வேற மாதிரி செஞ்சது. அதுல நுனியைப் பார்க்கணும்.

தங்கச்சி: ஓஹோ! என்னோடதுன்னா அடியில, உன்னோடதுன்னா நுனியில. ரொம்ப நல்லாயிருக்கு.

அண்ணன்: ஏய், எல்லாம் கலந்து கிடக்கிற கிண்ணம் அது. நீதானே கையை விட்டு எடுத்த?

தங்கச்சி: ஒரு மாடியில லிஃப்ட் பட்டன் தலைக்கு மேல இருக்கும், அடுத்த மாடியில காலடியில இருக்கும்னு நான் மாட்டிட்டு வந்தா, என்னை அடுத்த நாள் வேலைக்கு வெச்சுக்குவாங்களா?

அண்ணன்: மெக்கானிக் அம்மா, நான் விளையாட்டுச் சாமான் விக்கிறவன். லிஃப்ட் விக்கல. நாலு பெருசா, ஒண்ணு பெருசா?

தங்கச்சி: நாலு.

அண்ணன்: அப்போ நான் ஜெயிச்சாச்சு.

தங்கச்சி: ஜெயிச்சா?

அண்ணன்: ஜெயிச்சா... ஜெயிச்சதுதான்.

தங்கச்சி: அதைக் கேக்கல. ஜெயிச்சவங்க அப்பாவைக் கூட்டிட்டுப் போகணுமா, தோத்தவங்க கூட்டிட்டுப் போகணுமா?

அண்ணன்: ...அதை நாம முதல்லயே பேசலையா?

தங்கச்சி: எங்க பேசினோம்? கடைக்குள்ள வந்தேன், கதவைப் பாதி இறக்கின, "பேசி சண்டை போட வேணாம், பகடை போட்டுடலாம்"னு கிண்ணத்தை நீட்டின. அவ்வளவுதான்.

அண்ணன்: நீ என்னன்னு நெனச்சுப் போட்ட?

தங்கச்சி: நீ முதல்ல சொல்லு.

அண்ணன்: நீ சொல்லு.

தங்கச்சி: நான் ஏன் சொல்லணும்? ஜெயிச்சது நீதானே?

அண்ணன்: சரி, விடு. இதைக் கணக்குல சேர்க்க வேணாம். ஆனா சீக்கிரம் முடிவு பண்ணணும். அப்பா எதிர் சலூன்ல போய் உட்கார்ந்து எவ்வளவு நேரமாச்சு? முடி வெட்டி முடிச்சுட்டு நேரா இங்கதான் வருவார்.

தங்கச்சி: அவர் தலையில இருக்கிறதே நாலு முடி.

அண்ணன்: அதுக்குத்தான் சொல்றேன், சீக்கிரம்னு.

தங்கச்சி: அவரையே கேட்டுடலாமே?

அண்ணன்: கேட்டுட்டேன். "நான் வண்டி ஓட்டறவன்டா, எங்க நிறுத்தச் சொல்றீங்களோ அங்க நிறுத்தறேன்"னுட்டார். ரிடையராகி இத்தனை வருஷம் ஆச்சு, இன்னும் பஸ்ஸை விட்டு இறங்க மாட்டேங்கறார்.

தங்கச்சி: ம்...

அண்ணன்: என்ன ம்? குளியலறையில வழுக்கி விழுந்திருக்கார். அக்கம்பக்கத்துல யாரோ கதவை உடைச்சதால தப்பிச்சார். இனிமே ஒருநாள்கூட தனியா விடாதீங்கன்னு டாக்டர் நம்ம ரெண்டு பேரையும் நிக்க வெச்சுச் சொன்னார். நீயும்தானே தலையாட்டின?

தங்கச்சி: ஆட்டினேன்.

அண்ணன்: மாப்பிள்ளை என்ன சொல்றார்?

தங்கச்சி: அவர் என்ன சொல்வார்... ஒண்ணும் சொல்லல. அண்ணி என்ன சொல்றாங்க?

அண்ணன்: அவளும்... ஒண்ணும் சொல்லல.

தங்கச்சி: இன்னும் அவங்க அம்மா வீட்லதான் இருக்காங்களா?

அண்ணன்: ஆமா. அந்தம்மாவுக்கு முடியல. சரி, அடுத்ததை எடு. இந்தா, இதுக்கு அஞ்சு முகம்.

தங்கச்சி: இதுவா பகடை? சோப்பை முக்கோணமா வெட்டி வெச்ச மாதிரி இருக்கு.

அண்ணன்: ரெண்டு முக்கோணம், சுத்தி மூணு பட்டை. அஞ்சு ஆச்சா? இப்போ ஒழுங்கா பேசிப்போம். பெருசா விழுந்தவங்க வீட்டுக்கு அப்பா. சரியா?

தங்கச்சி: ஏன் பெருசு?

அண்ணன்: ஏதோ ஒண்ணு! சிறுசுன்னு வெச்சாலும் "ஏன் சிறுசு"ம்ப.

தங்கச்சி: சரி, போடு.

அண்ணன்: ரெண்டு. இந்தா, உருட்டு... அடிச்சுப் போடாத, கண்ணாடி மேஜை!

தங்கச்சி: அஞ்சு.

அண்ணன்: அஞ்சா?

தங்கச்சி: அஞ்சுதான். முக்கோணம் மேல நிக்குது, அதுல அஞ்சு போட்டிருக்கு.

அண்ணன்: ...அப்போ உன் வீட்டுக்கு.

தங்கச்சி: இல்ல. இது செல்லாது.

அண்ணன்: ஏன் செல்லாது?

தங்கச்சி: முக்கோணப் பக்கம் ஒரு அளவு, பட்டைப் பக்கம் வேற அளவு. எது மேல விழறதுக்கு வாய்ப்பு ஜாஸ்தின்னு யாருக்குத் தெரியும்? கொஞ்சம் தடிமனா செஞ்சிருந்தா பட்டையிலயே படுத்துக்கும், மெல்லிசா செஞ்சா முக்கோணத்துலயே நிக்கும்.

அண்ணன்: சரியான தடிமன் என்னன்னு ஆயிரம் தடவை உருட்டிப் பார்த்துத்தான் செஞ்சிருக்காங்க.

தங்கச்சி: எதுமேல உருட்டினாங்க? கண்ணாடி மேலயா, துணி மேலயா? கண்ணாடியில எகிறும், துணியில எகிறாது. அப்போ கணக்கு மாறுமா மாறாதா?

அண்ணன்: மாறும்தான்... ஏய், சுத்தி வளைக்காத. அப்பா வர்றது உனக்குப் பிடிக்கலேன்னா பிடிக்கலேன்னு சொல்லிடு. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.

தங்கச்சி: பிடிக்கலேன்னு யார் சொன்னா?

அண்ணன்: சரி, அப்போ நானே கூட்டிட்டுப் போறேன்.

தங்கச்சி: அதுவும் வேணாம்!

அண்ணன்: எனக்குத் தலை சுத்துது. உன் வீட்டுக்குன்னாலும் வேணாங்கற, என் வீட்டுக்குன்னாலும் வேணாங்கற. அப்போ அவரை எங்க வைக்கறது? இந்தக் கண்ணாடி அலமாரியிலயா?

தங்கச்சி: அவர் இப்போ இருக்கிற வீட்லயே இருந்தா என்ன?

அண்ணன்: தனியாவா?

தங்கச்சி: தனியா இல்லாம... பார்த்துக்கலாம்.

அண்ணன்: யாரு பார்த்துக்கறது? நீ ஊர்ல இருக்கிற அத்தனை கட்டடத்துலயும் லிஃப்ட்டுக்கு அடியில கிடக்கிற. நான் காலையில கடையைத் திறந்தா சாயங்காலம்தான் மூடறேன்.

தங்கச்சி: அந்தப் பந்து என்ன?

அண்ணன்: பேச்சை மாத்தாத.

தங்கச்சி: மாத்தல, பகடைதானே கேக்கறேன். அதுல புள்ளி புள்ளியா நம்பர் இருக்கே.

அண்ணன்: அது நூறு முகம். வேணாம், அதைப் போடாத, அது... போட்டுட்டியா!

தங்கச்சி: நிக்கவே மாட்டேங்குது.

அண்ணன்: நிக்காது. அது உருண்டைதான், பேருக்குத்தான் பகடை. பிடி, பிடி... போச்சு. அலமாரிக்கு அடியில போயிடுச்சு.

தங்கச்சி: எத்தனை விழுந்ததுன்னு அலமாரியைத் தூக்கினாத்தான் தெரியும்.

அண்ணன்: தூக்கினா அது இன்னும் உருளும். எழுந்திரு, முட்டியில தூசி பாரு. போதும் இந்தப் பகடையெல்லாம். பேசாம பூவா தலையா போட்டுடலாம். அதுலயாவது ரெண்டே பக்கம்தான், குழப்பம் இருக்காது.

தங்கச்சி: காசு இரு, என் பையில...

அண்ணன்: வேணாம், எங்கிட்ட இருக்கு. இந்தா. தலை விழுந்தா என் வீட்டுக்கு, பூ விழுந்தா உன் வீட்டுக்கு. இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் மாத்தக் கூடாது.

தங்கச்சி: நான்தான் சுண்டுவேன்.

அண்ணன்: சுண்டிக்கோ.

தங்கச்சி: பிடிச்சுட்டேன். இப்போ உள்ளங்கையில இருக்கிறதைப் பார்க்கணுமா, புறங்கையில கவுத்துப் பார்க்கணுமா?

அண்ணன்: எதைப் பார்த்தா என்ன!

தங்கச்சி: என்ன அப்படிச் சொல்லிட்ட? உள்ளங்கையில தலைன்னா, கவுத்தா பூ. முடிவே மாறிடுமே.

அண்ணன்: சரிம்மா, கவுத்தே பாரு.

தங்கச்சி: தலை.

அண்ணன்: தலை. என் வீட்டுக்கு. முடிஞ்சது.

தங்கச்சி: இல்ல, கையில பிடிச்சது தப்பு. பிடிக்கிறவங்க கை போற போக்குல மாறிடும். தரையில விழணும்.

அண்ணன்: விழட்டும்.

தங்கச்சி: ...தலை.

அண்ணன்: ரெண்டு தடவை ஆச்சு.

தங்கச்சி: அட்டைப்பெட்டியில சாய்ஞ்சு நிக்குது. இது விழுந்த கணக்குல வராது. இன்னொரு தடவை.

அண்ணன்: சாயங்காலம் வரைக்கும் சுண்டு. எனக்கென்ன.

தங்கச்சி: தலை... இரு. நீ ஏன் பதட்டமே இல்லாம உட்கார்ந்திருக்க?

அண்ணன்: பதட்டப்பட என்ன இருக்கு?

தங்கச்சி: இந்தக் காசு எங்கேர்ந்து எடுத்த?

அண்ணன்: கல்லாவுலேர்ந்து... கொடு இங்க.

தங்கச்சி: அண்ணா, இதுல ரெண்டு பக்கமும் தலை!

அண்ணன்: அது மேஜிக் செட்டுல வர்றது. தெரியாம கலந்திருக்கும்.

தங்கச்சி: தெரியாமலா? என்னையே ஏமாத்தப் பார்த்தியா? அப்பாவை என் தலையில கட்டிட்டு நீ... இரு, இரு. தலை விழுந்தா யார் வீட்டுக்குன்னு சொன்ன?

அண்ணன்: காசைக் கொடு முதல்ல.

தங்கச்சி: உன் வீட்டுக்குன்னுதானே சொன்ன?

அண்ணன்: ஆமா.

தங்கச்சி: எனக்குப் புரியல. உன் வீட்டுக்கு வர்ற மாதிரி நீயே திருட்டுக்காசு போட்டியா? ஆசையா இருந்தா வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே!

அண்ணன்: சொன்னா, ஏன்னு கேப்ப.

தங்கச்சி: கேப்பேன்தான். ஏன்?

அண்ணன்: வீட்ல சத்தமே இல்ல.

தங்கச்சி: என்ன சத்தம்?

அண்ணன்: எந்தச் சத்தமும். மூணு ரூம் இருக்கு, நான் ஹால்லயே படுத்துக்கறேன். அப்பா வந்தாருன்னா காலையில எழுந்ததும் பஸ் ஹாரன் மாதிரி இருமுவார், காபி ஆறிப் போச்சுன்னு திட்டுவார்...

தங்கச்சி: அண்ணி எப்போ வருவாங்க?

அண்ணன்: வர மாட்டா.

தங்கச்சி: அவங்க அம்மாவுக்கு...

அண்ணன்: அவங்க அம்மா நல்லாத்தான் இருக்காங்க. அன்னிக்கு மாடிப்படியில ஏறி என்னை முந்திட்டுப் போனாங்க. அவளோட துணிமணி எல்லாத்தையும் எடுத்துட்டுப் போறதுக்காக வந்திருந்தாங்க.

தங்கச்சி: ...ஏன் எங்கிட்ட சொல்லல?

அண்ணன்: எப்படிச் சொல்றது? உன்னைப் பார்க்கும்போதெல்லாம் நீ அண்ணி சௌக்கியமான்னு கேக்கற. சௌக்கியம்னு ஒரு தடவை சொல்லிட்டேன். அப்புறம் அதையே சொல்லிட்டு வரவேண்டியதாப் போச்சு.

தங்கச்சி: அண்ணா...

அண்ணன்: அப்பாவுக்குச் சொல்லிடாத. உனக்கு வீடு நிறைய ஆள் இருக்கு, மாப்பிள்ளை இருக்கார். அப்பா வந்தாலும் ஒண்ணுதான், வரலேன்னாலும் ஒண்ணுதான். எனக்கு அப்படி இல்ல. இப்பவாவது சரின்னு சொல்லு.

தங்கச்சி: நான் ஒண்ணு...

அப்பா: என்னடா இது, கதவைப் பாதி இறக்கி வெச்சிருக்க? இப்பத்தான் ஒழுங்கு பண்ணிட்டு வந்த தலை, இடிச்சுக்கிட்டா உள்ள வரணும்?

அண்ணன்: வாங்கப்பா, வாங்க. பார்த்துக் குனியுங்க. நல்லா வெட்டியிருக்கான்.

அப்பா: வெட்ட என்ன இருந்துச்சு? பத்து நிமிஷம் சும்மா கத்திரிக்கோலை ஆட்டிட்டிருந்தான். என்ன, பேசியாச்சா?

அண்ணன்: பேசியாச்சு. நீங்க என் வீட்டுக்கு வர்றீங்க.

அப்பா: வர்றேன். எந்த ஸ்டாப்புன்னு சொல்லிட்டா இறங்கிக்கப் போறேன். இவ எங்க இறங்குவா?

அண்ணன்: யாரு?

அப்பா: இவதான். என் வீட்டைக் காலி பண்ணிட்டா, இவ சாமானையெல்லாம் எங்க வைக்கறது?

தங்கச்சி: அப்பா, இருங்க...

அப்பா: நீ இன்னும் சொல்லலையா? இவ்வளவு நேரம் ரெண்டு பேரும் உள்ள உட்கார்ந்து என்னதான் பண்ணீங்க?

அண்ணன்: பகடை போட்டோம்... எனக்கு ஒண்ணும் புரியலப்பா. எந்தச் சாமான்? இவ சாமான் ஏன் உங்க வீட்ல இருக்கணும்? நீங்க அங்க தனியா இருந்தீங்க. தனியா இருக்கும்போதுதான் விழுந்தீங்க. யாரோ கதவை உடைச்சு...

தங்கச்சி: யாரும் உடைக்கல அண்ணா. திருகாணியைக் கழட்டிக் கதவை இறக்கி வெச்சது நான்தான். விழுந்த சத்தம் கேட்டு அடுத்த ரூம்லேர்ந்து ஓடி வந்தேன். மழைக்காலம் ஆரம்பிச்சப்பவே, புருஷன் வீட்டுல இனி என்னால முடியலேன்னு பையைத் தூக்கிட்டு வந்துட்டேன், அன்னிலேர்ந்து அப்பாவோடதான் இருக்கேன்... நீ அவரைக் கூட்டிட்டுப் போயிட்டா, வேலை முடிஞ்சு நான் எங்க போறதுன்னு எனக்குத் தெரியல.