வெறுங்கட்டத்துக்குச் சைபர்

இல்ல மாமி, நான் பஸ்ஸடிக்கு வரமாட்டன். உங்கட ஷாமில் கொழும்புக்குப் போறதெண்டா போகட்டும். வழியனுப்ப நான் எதுக்கு?

பொறாமையா? அவனா அப்படிச் சொன்னான்? சொல்லுவான்.

இரிங்க, முழுசாக் கேளுங்க. கொம்பியூட்டர் கோஸ்ல கொழும்புப் பயிற்சிக்கு இடம் ஒண்டுதான். சராசரியில ஆரு முதலாவதோ அவருக்கு. வீட்ட செஞ்சு குடுக்கிற ஒப்படைக்கு இருபது பங்கு, செய்முறைக்கு முப்பது, கடைசிப் பரீட்சைக்கு ஐம்பது. சும்மா கூட்டி மூணால பிரிக்க ஏலா. நெய்ச்சோத்துக்கு அரிசியும் ஏலக்காயும் ஒரே அளவாவா போடுறீங்க? ம், அதுதான்.

எனக்கு ஒப்படையில எண்பது, பரீட்சையில தொண்ணூறு. செய்முறை மட்டும் செய்யல்ல. ஏனெண்டு உங்களுக்குத் தெரியும். அண்டைக்கு நீங்க மூச்சு முட்டிக் கிடக்கக்குள்ள ஓட்டோவில ஆசுபத்திரிக்குக் கொண்டு போனது நான். நீ உம்மாவோட போ இல்ஹாம் மச்சான், நான் செஞ்சு போட்டு வாறன், ஸேர்ட்ட நான் கதைக்கிறன் எண்டான் உங்கட மகன்.

அழாதீங்க. சொல்லிக்காட்டல்ல. நாளைக்கு வந்தாலும் கொண்டு போவன்.

எங்கட ஹில்மி ஸேர் எக்செல் தொட உடமாட்டாரு. வெறும் எழுத்துக் கோப்புல நேர்கோடு போட்டுப் போட்டு அட்டவணை கட்டணும், சூத்திரத்தையும் கீழ நாமளே எழுதணும். ரெண்டு கோட்டுக்கு நடுவுல ஒண்டுமில்லாட்டி, நாம சொல்லிக் குடுக்காட்டி, அது சைபர் எண்டு எடுத்துக்கும். இல்லாததும் சைபரும் ஒண்டா மாமி? உங்கட நோன்புக்கஞ்சிய நான் குடிக்கல்லண்டா கஞ்சி ருசியில்லையெண்டா அருத்தம்?

போன கிழம முடிவைப் பலகையில ஒட்டினாங்க. ஷாமிலுக்கு எண்பத்திரெண்டு, முதலாவது. எனக்கு அறுபத்தொண்டு. நானும் விசரன் மாதிரிக் கைகுடுத்தன். செய்முறைய விட்டா இதுதான் போல எண்டு வீட்ட போய்ப் படுத்துட்டன்.

என்ன, கொம்பியூட்டர் பிழையாக் கணக்குப் போட்டுட்டு எண்டானா? அது பாவம், சொன்னத்தைத்தான் செய்யும்.

ஸேர் மக்காவுக்கு உம்றா போகக்குள்ள எங்கட புள்ளி அட்டவணைய ஷாமில்ட பொறுப்புலதான் உட்டுட்டுப் போனாரு. நேத்து நான் போய் அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தன். ஒழுங்காப் பிரிச்சா எனக்கு எண்பத்தேழு. ஓம், அவனை விட அஞ்சு கூட. இனி என்னத்த மாத்துற? பேர் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்துட்டு.

எனக்கு எப்படித் தெரியுமா? ஸேர் சொன்னத்தை மறக்காம இரிக்க, அட்டவணைக்கு மேல அவனே எழுதி வெச்சிரிக்கான். இல்ஹாம் வராததுக்குக் காரணம் சரி, அந்த முப்பதை உட்டுட்டு மிச்ச எழுபதால பிரி எண்டு. அவ்வளவுதான் மாமி அவனுக்குச் சொன்ன வேலை. கீழ சூத்திரத்தில நூறால பிரிச்சிரிக்கான்.