இடது முஷ்டியில் உள்ள பள்ளங்கள்

நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள் தம்பி. காற்று அங்கேதான் வரும். காலமெல்லாம் கடையில் உட்கார்ந்தவன் நான். வந்தவர் வசதியாக உட்காராவிட்டால் எனக்குப் பேச்சு ஓடாது.

பழைய பொம்மைகளைத் தேடிச் சேர்ப்பவர் நீங்கள். நேற்று இந்த ரோபோவை என் மேஜைமேல் வைத்து, இது எங்கே பிறந்தது என்று யாருக்குமே தெரியவில்லை என்றீர்கள். முறுக்கினால் லாரியாக மாறும் ரோபோ. வெளிநாட்டு அசலைப் பார்த்து அடித்த போலி. பெட்டியில் கம்பெனிப் பெயர் இல்லை. அசலைவிட ஏன் இத்தனை கனம், இடது முஷ்டியில் மட்டும் ஏன் சின்னச் சின்னப் பள்ளங்கள் என்று கேட்டீர்கள். போரில் அடிபட்ட வீரனாகக் காட்டச் செதுக்கியிருப்பார்கள் என்பது உங்கள் கூட்டாளிகளின் கட்சியாம். எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டேன். பொம்மையை மட்டும், ஒரு நாள் வைத்துப் பார்க்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். செருப்பை மாட்டும்போது, "பத்திரமா வச்சிருங்க, என் பொண்ணு இத வச்சுத்தான் விளையாடுவா" என்றீர்கள். அதனால்தான் இன்று காலையில் உங்களைக் கூப்பிட்டேன்.

இதைச் செய்தது நான்தான்.

எங்களுடையது மொத்த வியாபாரக் குடும்பம். பொம்மை, பலூன், விசில், எது ஓடுகிறதோ அது. தங்கையின் கணவர் கப்பல் வேலைக்காரர். தங்கையும் அவள் மகனும் எங்களோடு இருந்தார்கள். ஒரு விடுமுறையில் அவர் மகனுக்காக இந்த ரோபோவின் அசலைக் கொண்டுவந்தார். எங்கள் சந்தையில் அப்படி ஒன்றை எவனும் கண்டதில்லை. வீட்டில் எல்லாரும் பொம்மையைப் பார்த்தார்கள். நான் சரக்கைப் பார்த்தேன்.

மருமகன் அப்போதுதான் பேச்சு பழகி வாயாடிக்கொண்டிருந்த வயது. பொம்மையைக் கட்டிக்கொண்டுதான் தூங்குவான். "சக்கரம் இறுகிப் போச்சுடா, மாமா எண்ணெய் போட்டுத் தர்றேன்" என்று வாங்கிக்கொண்டு போய் அச்சுக்காரரிடம் கொடுத்தேன். அச்சு எடுக்க அதை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்து அறுக்க வேண்டியிருந்தது. அது திரும்பவில்லை.

எங்கள் சந்தையில் பொம்மையின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. உள்ளங்கையில் வைத்து லேசாகத் தூக்கிப் போட்டுப் பிடிப்பார்கள். கனத்தால் சரக்கு, லேசானால் குப்பை. வெளியூர்களுக்கெல்லாம் சரக்கு பிடிக்கும் வியாபாரி ஒருவருக்குத் தராசு என்றே பெயர். என் முதல் ரோபோவை அவர் ஒரு தரம் தூக்கிப் போட்டார்.

"என்னண்ணே, ஊதினாப் பறந்துரும் போலிருக்கே. வாலு ஒண்ணு கட்டி பட்டமா வித்துருங்க."

கடை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

மணல் நிரப்பிப் பார்த்தோம், கிலுகிலுவென்று ஆடியது. அச்சுக்காரரின் பட்டறைக்குப் பக்கத்தில் பழைய லாரி பேட்டரிகளை உடைக்கிறவர் இருந்தார். அவர் கொல்லையில் சாம்பல் நிறத்தில் ஈயத்தூள் குவிந்து கிடக்கும். கேட்டால் சும்மா கொடுப்பார். ரோபோவின் நெஞ்சில் ஒரு துளை போட்டு, தூளை இடித்து நிரப்பி, பிளாஸ்டிக் மூடி ஒன்றை அழுத்திவிட்டோம். தராசு மறுபடி தூக்கிப் பார்த்து, "இப்பத்தாண்ணே இவன் ஆம்பள" என்றார். அந்தத் தூள் ஒரு குழந்தையை என்ன செய்யும் என்று எனக்கு அப்போது தெரியாது. இதை மட்டும் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் தங்கை பிடித்துக்கொண்டாள். "ஏண்ணே, எண்ணெய் போடப் போனியா, எண்ணெய்க் கிணறு தோண்டப் போனியா? புள்ள தூங்க மாட்டேங்கிறான்."

அசல் என்று சொல்லி, புதிதாக அடித்ததில் ஒன்றை அவன் கையில் கொடுத்தேன். குழந்தையை ஏமாற்ற முடியவில்லை.

"மாமா, இவன் குண்டாயிட்டான்."

"எண்ணெய் குடிச்சான்ல, அதான்."

வீடே சிரித்தது.

அதற்குப் பிறகு அவனுக்கு அடிக்கடி வயிற்றுவலி வந்தது. வாந்தி எடுத்தான். முகம் வெளுத்தது. பழகிய வார்த்தைகள் ஒவ்வொன்றாக அவன் வாயிலிருந்து காணாமல் போயின. தங்கையோடு நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் அவன் உதட்டைத் தூக்கி, ஈறு ஓரத்தில் ஓடிய நீலக் கோட்டைக் காட்டினார்.

"உடம்புல ஈயம் ஏறியிருக்கும்போலத் தெரியுதும்மா. பழைய பெயிண்ட், பேட்டரி சாமான், இந்த மாதிரி எதையாச்சும் வாயில வைக்கிறானா?"

அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். நான் முந்திக்கொண்டேன். "ஜன்னல் கம்பிக்குப் பெயிண்ட் அடிச்சோமே டாக்டர்."

நிறம் பார்த்து வாங்கியவள் அவள். ஆசை ஆசையாக அடித்தவளும் அவள்தான். தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த கண் பரிசோதனை அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெயிண்ட்டை நானே உட்கார்ந்து சுரண்டினேன். இப்படி ஒரு தாய்மாமன் யாருக்கு வாய்ப்பான் என்று உறவில் பேசிக்கொண்டார்கள். அவன் தூங்கும்போது ரோபோவை உருவி எடுத்தேன். நெஞ்சு மூடி எப்போதோ கழன்று போயிருந்தது. பழக்க தோஷம், உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் போட்டுப் பார்த்தேன். லேசாக இருந்தது.

அச்சை உடைத்துவிட்டேன். கிடங்கில் இருந்த சரக்கைத் தராசிடம் தள்ளினேன், வெளியூரில்தான் விற்க வேண்டும் என்ற கண்டிப்போடு. எங்கள் தெருப் பிள்ளைகள் கையில் அது போய்விடக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். விலையைக் குறைக்கவில்லை, குறைத்திருந்தால் சந்தேகப்பட்டிருப்பார்.

உங்களுக்கு இப்போது தண்ணீர் கொண்டுவந்து வைத்தாரே, தலை நரைத்தவர், அவர்தான் என் மருமகன். கடையில் பொம்மைகளை உறையில் போடுவார். அதற்கு மேல் வராது. என்னைக் கண்டால் "மாமா" என்று வாய் நிறையச் சிரிப்பார். அந்த வாயைப் பார்க்க எனக்கு இன்னும் கண் கூசும். நீங்கள் சாய்ந்திருக்கும் ஜன்னலைப் பாருங்கள். கம்பி துருப்பிடித்து உதிர்கிறது. இந்த வீட்டுக்குள் பெயிண்ட் டப்பா வர என் தங்கை விடுவதில்லை. பேரன் வயதுப் பிள்ளைகள் யார் வந்தாலும் தூக்க மாட்டாள். தன் கை ராசியில்லாத கை என்பாள். அப்போதும் நான் பக்கத்திலேயே இருப்பேன்.

உங்கள் பொம்மையில் மூடி இறுக்கமாக இருக்கிறது. கனமும் குறையவில்லை. உங்கள் அதிர்ஷ்டம். இருந்தாலும் அதைத் திரும்ப எடுத்துப் போக வேண்டாம். மகளை ஒரு தரம் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். நீங்கள் கிளம்பியதும் தங்கையைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். தெரியாமல் செய்துவிட்டேனம்மா என்று தொடங்கலாம் என்றிருக்கிறேன்.

அந்தப் பள்ளங்களைக் கேட்டீர்கள் அல்லவா. அவை போர்க்காயம் இல்லை. என் மருமகனின் பால்பற்கள். அசலின் இடது முஷ்டியைக் கடித்துக்கொண்டேதான் தூங்குவான். அச்சுக்கு அதெல்லாம் தெரியுமா, இருந்ததை அப்படியே எடுத்துக்கொண்டது. நெஞ்சில் துளை போடுவதற்காக அச்சைத் திருத்திய அன்றுதான் அச்சுக்காரர் அதைக் கவனித்தார். ஈயத்தூள் டப்பா எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. அந்தத் தூள் உள்ளே போனால் ஆளையே தின்றுவிடும் என்று பேட்டரிக்காரர் சொல்லியிருந்ததால், இரண்டு பேரும் மூக்கையும் வாயையும் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தோம்.

"புள்ள கடிச்ச தடம் அப்படியே விழுந்திருக்கு. நிரவி விட்டுறவா?" என்று கேட்டார்.

"கெடக்கட்டும் விடுங்க" என்றேன். "வாங்கிட்டுப் போற புள்ளைங்களும் அங்கதானே கடிக்கப் போகுதுங்க."

துணியை அவிழ்க்காமலே இருவரும் சிரித்தோம்.