கட்டு இன்னும் அவுக்கல

இல்லண்ணா, இந்தச் சின்ன பிளாஸ்திரிலாம் எங்க ஊட்டுக்காருக்குப் பத்தாது. முழங்கைலர்ந்து மணிக்கட்டு வரிக்கும் சுத்தணும். அந்தப் பெரிய ரோலு கட்டுத்துணியே குடு. பஞ்சும் ஒரு பாக்கெட்டு.

இன்னாண்ணா அப்டி பாக்குற? இன்னும் ஆறலியான்னா? கம்பெனில தகடு கிழிச்சிதுன்னா சும்மாவா? தையல் போட்டு, பிரிச்சி, அல்லாம் ஆச்சு. சுகரா? நீ வேற! டெஸ்ட் எடுத்தாச்சி, ஒண்ணியும் இல்ல.

காயம் எப்டி ஆறும்னு எனக்குத் தெரியாதா? நானும் சிப்காட்லதான வேலை செய்றேன். எங்க லைன்ல நகம் நசுங்கும், சூடு பட்டுக் கொப்புளிக்கும், முட்டி சிராய்க்கும், அல்லாம் பாத்தவ நான். மொதல்ல ரத்தம் உறையும். அப்பால சுத்தி செவந்து வீங்கும், தொட்டா சுடும். அதுக்குப் பயந்துக்கக் கூடாது, ஒடம்பு உள்ள வேலை செய்யிது. அப்புறம் ரோஸ் கலர்ல புதுச்சதை எழும்பும், ஓரத்துலர்ந்து தோலு மூடிக்கினே வரும். அரிக்கும் பாரு, அதான் ஆறுற நேரம்.

எங்க ஊட்டுக்காரும் அரிக்குதுடின்னாரு. உள்ள சீழ் கோக்குது, கட்ட அவுத்தா கையே போய்டும்னுட்டேன். சிரிக்காதண்ணா! ஆளுதான் மலை மாறி, ரத்தம்னா மயக்கம். நான் கட்டு மாத்தறப்ப பெரியபாளையத்தம்மா படத்தப் பாத்துக்கினு திரும்பி நிப்பாரு. குளிக்கறப்ப நானே பாலித்தீன் கவரு மாட்டி உட்டுடுவேன்.

காயமா? அது எப்பவோ மூடிக்கிச்சி. தழும்பு மட்டும் வழவழன்னு கெடக்குது.

அடப் போண்ணா, ஏமாத்துறதா இது? ஷிப்டு உட்டா கூட்டாளிங்க பைக்க ஸ்டார்ட் பண்ணிக்கினு நிப்பானுங்க, சரக்கடிக்க. வரலன்னு சொல்ல இவுருக்கு வாயே வராது. இப்ப கட்டப் பாத்ததும் அவனுங்களே, லோகு மாத்திரைல இருக்கான், உடுறான்னு கெளம்பிட்றானுங்க. மாத்திரையா? நீ குடுத்த சத்து மாத்திரதான். பொழுதோட ஊட்டுக்கு வர்றாருண்ணா. எங்க பொண்ணு சோனியா அப்பாகிட்ட கணக்குப் பாடம் கேக்குது. மொத நாளு அதப் பாத்து அடுப்பங்கரைல நின்னு அழுதுட்டேன்.

மாட்டிக்குவேனா? அத்த ஏன் கேக்குற. நேத்து எனக்கு காலை ஷிப்டு, கட்டு மாத்தாம ஓடிட்டேன். சாயந்தரம் வந்து பாக்குறேன், கையில புதுக்கட்டு. பல்லால இழுத்து முடிச்சி போட்டுக்கினு நிக்கறாரு மனுஷன்.

கையப் பாத்தியான்னு நான் கேக்கல. ஆறிடிச்சேன்னு அவரும் சொல்லல. துணி தீந்துடிச்சி, மறக்காம வாங்கியான்னாரு.