நாய்க்கும் அவருக்கும் ஒரே மாத்திரை

...காய்ச்சல் வந்தவர் டாக்டர்கிட்ட உண்மையச் சொல்லணுமா வேணாமா? நீங்களே சொல்லுங்க. இல்ல, வேணாம், உங்களுக்குத் தொண்ட கட்டியிருக்கு. நானே பேசிக்கறேன்.

உள்ள டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுக்கறாரே, நீலச் சட்ட, அவருதாங்க எங்க வீட்டுக்காரர். பஸ் ஓட்டறார். வீட்ல ஒரு நாய், ஜமீன்னு பேரு. ஒரு வேல செய்யாது, படுத்தே கெடக்கும், அதான் அந்தப் பேரு. நான் தையல் மிஷின்ல குனிஞ்சா நிமிர மாட்டேன். இவரு வாசப்படில உக்காந்து அதுக்கு உண்ணி எடுப்பார். எடுத்தா தூரப் போடணுமில்ல? நகத்துல வச்சு நசுக்குவார். டப்புனு கேட்டாத்தான் மனசு ஆறும். சொன்னா, "உனக்கென்னடி தெரியும்"பார்.

மொதல்ல நாய் விழுந்துச்சுங்க. சோறு எறங்கல, மூக்குல ரத்தம். உண்ணிக் காய்ச்சல்னார் நாய் டாக்டர். உண்ணி கடிச்சா ஒரு கிருமி உள்ள போகுமாம். அதப் புடிக்க வர்ற வெள்ள அணு இருக்குல்ல, அதுக்குள்ளயே பூந்து குடித்தனம் பண்ணுமாம். பாருங்க தைரியத்த, போலீஸ் ஸ்டேஷன்லயே திருடன் பாய விரிச்ச மாதிரி. எங்க வீட்லயே வந்து தங்கிட்ட கொழுந்தனார் கூட அந்த அளவுக்குப் போனதில்ல.

மாத்திரை குடுத்ததும் நாய் எழுந்திருச்சுது, இவரு படுத்துட்டார். நெருப்பாக் கொதிக்குது, தலவலி, ரத்தத்துல தட்டணு, அதாங்க பிளேட்லெட்டு, எறங்கிட்டே போகுது. இந்த டாக்டர் தங்கமான மனுஷன், மொதக் கேள்வியே "வீட்ல நாய் உண்டா, உண்ணி கடிச்சுதா"ன்னுதான். இவரு என்ன சொன்னார் தெரியுமா? "அதெல்லாம் இல்ல சார்." நர்ஸுங்க முன்னால அசிங்கமாம். நானோ வெளிய டோக்கன் வாங்க நிக்கறேன்.

அன்னிக்கு ராத்திரி வார்டுல பெனாத்த ஆரம்பிச்சார். கட்டுனவ தலமாட்டுல உக்காந்திருக்கேன். "ஜமீன் சாப்ட்டானா"ங்கறார். என் பேரு வாயில வரலங்க... சரி, விடுங்க. ஓடிப்போய் டாக்டர்கிட்ட எல்லாத்தயும் கொட்டிட்டேன். நசுக்குறது, டப்புங்கறது, எல்லாம். டாக்டருக்குச் சிரிப்பு வரலங்க. ஒடனே மாத்திரைய மாத்தினார். அளவுதான் வேற, பேரு நாய்க்குக் குடுத்த அதே மாத்திரை. ரெண்டே நாள்ல காய்ச்சல் எறங்கிடுச்சு. எறங்குனதும் மொத வேலயா என்மேல கோவம், நாலு பேர் முன்னால மானத்த வாங்கிட்டேனாம்.

நாய் சமத்தா முழுங்குது. இவருக்கு வாழப்பழத்துல வச்சுக் குடுக்க வேண்டியிருக்கு.

அந்தப் பை கனமா இருக்கா, உங்க மடியில வச்சுட்டேனே? ஒண்ணுமில்ல, ஜமீன் படுக்கற போர்வ. போற வழியில வெளுக்கப் போடணும்...

ஏங்க, எங்க போறீங்க? உங்க நம்பர் இன்னும் கூப்பிடலயே. உண்ணியெல்லாம் நல்லா உதறிட்டுத்தாங்க கொண்டாந்தேன்.

போயிட்டாங்க. பேசவே விட மாட்டேங்கறாங்க.

தம்பி, நிக்காதீங்க, இங்க எடம் இருக்கு, உக்காருங்க. காய்ச்சலா? வீட்ல நாய் இருக்கா?