ஏரிக்கரைப் பந்தயத்தில் கடைசி ஆள்

"இன்னிக்கு நான் சைக்கிள் மேல ஏறினதவிட, அது என் மேல ஏறினதுதான் ஜாஸ்தி."

1991 மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமை. சுங்குவார்சத்திரத்தில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் முன் சீட்டிலிருந்து இந்தக் குரல் கேட்டது. சொன்னவருக்கு முப்பது வயதிருக்கும். தலைமுதல் கால்வரை சேறு. பக்கத்தில் மனைவி. பிள்ளைப்பாக்கம் ஏரியைச் சுற்றி மாதாமாதம் நடக்கும் சைக்கிள் பந்தயத்திலிருந்து திரும்புகிறார்கள் என்று பேச்சிலிருந்து தெரிந்தது. சைக்கிள் பஸ்ஸின் மேலே கட்டியிருந்தது.

"பாதியில செயின் அறுந்துடுச்சு செல்வி. அப்பால அந்தச் சேத்துல தோள்ல தூக்கினே ஓடியாந்தேன்."

"வுட்டுட்டு வந்திருக்கலாமில்ல?"

"போன ரெண்டு வாட்டியும் பாதியில வுட்டேன். கம்பெனில ஒரே சிரிப்பு. கடைசியா வந்தாலும் இந்த வாட்டி முடிக்கணும்னு இருந்தேன்."

"கடைசியாத்தான் வந்தீங்க."

"வந்தேன்ல! கண்ணெல்லாம் சேறு, ஒண்ணும் தெரியல. எல்லைக் கயிறு நெஞ்சுல பட்டதும்தான் முடிஞ்சுதுன்னே புரிஞ்சுது. எனக்காக அதுவரைக்கும் கட்டி வெச்சிருந்தாங்க பாரு, நல்ல மனுசங்க."

அவள் முந்தானையால் அவர் கண்ணோரச் சேற்றைத் துடைத்தாள்.

"அவங்க எப்பவோ அவுத்துப் போட்டுட்டு டீ குடிக்கப் பூட்டாங்க. நான்தான் ஒரு முனைய மரத்துல கட்டிட்டு, இன்னொரு முனையப் புடிச்சினு நின்னேன்."

அவர் அவளுடைய கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"அதான் உள்ளங்கை இப்டி செவந்துகீதா?"

"பின்ன? நீங்க வந்த வேகம் அப்டி."